ஒருவருக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்

வீடற்றோர் காப்பகங்களுக்கு மாநகராட்சி நிதி ஒதுக்கியது என்று நாளிதழின் மூலையில் நாலு வரிச் செய்தி வந்தால் போதும். “நம்ம வரிப்பணம், எவனோ என்.ஜி.ஓ. பேரைச் சொல்லிச் சாப்பிடுறான்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். விவரம் தெரிந்தவர்களும், அடுத்தவர் கஷ்டம் பொறுக்காத நல்லவர்களும்கூட அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்பிக்கை: காப்பகம் நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்குப் பணத்தை அள்ளிக் கொடுக்கிறார்கள்.

2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிகள், 50 பேர் தங்கும் காப்பகம் ஒன்றை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டன. மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்து தந்த பணம் அது. மாதத்துக்கு 50,000 ரூபாய். காப்பகத்துக்கு ஒரு மேலாளரும், எட்டு மணி நேரத்துக்கு ஒருவராக மூன்று பராமரிப்பாளர்களும் இருக்க வேண்டும் என்றும் அதே நெறிகள் கூறின. நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் கரன்ட் பில், பினாயில், பாய், போர்வை, குழாய் ரிப்பேர் எல்லாம்.

தலைக்குப் பிரித்துப் பாருங்கள். மாதம் 1,000 ரூபாய். நாளைக்கு 33 ரூபாய். சென்னையில் இரண்டு டீயும் ஒரு வடையும் சாப்பிட்டால் தீர்ந்துவிடும் பணம்.

இதிலும் கை வைப்பவர்கள் இருக்க முடியும். தங்குவோர் பதிவேட்டில் இல்லாத பெயரை எழுதலாம், சோப்பு வாங்காமல் ரசீது வைக்கலாம். அதற்குத்தான் காப்பக மேலாண்மைக் குழுவும் தணிக்கையும் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கணக்கைக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால் நாடு முழுவதும் இந்தத் திட்டத்தைப் பிடித்த பெரிய நோய் வேறு. வீடற்றோருக்கென வந்த பணத்தை மாநிலங்கள் உரிய வேகத்தில் செலவிடவில்லை. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து, நிலைமையை ஆராய 2016-ல் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு அமைக்க நேர்ந்தது. காப்பகத்துக்குப் போக வேண்டிய தவணை தள்ளிப்போனால் அலுவலகத்தில் ஒரு கோப்பு காத்திருக்கும், அவ்வளவுதான். காப்பகத்திலோ பராமரிப்பாளரின் வீட்டு வாடகை காத்திருக்காது. அந்த மாதங்களில் கடன் வாங்கியோ நன்கொடை கேட்டோ சமாளிக்க வேண்டியது தொண்டு நிறுவனம்தான்.

நம்பிக்கை: இது மாநகராட்சி இரக்கப்பட்டுச் செய்யும் தருமம்.

இல்லை, இது கடமை. 2009 டிசம்பரில், டெல்லியின் கடுங்குளிரில், பூசா சாலையில் இருந்த தற்காலிகக் காப்பகம் ஒன்றை மாநகராட்சி அகற்றியது. அந்தக் குளிரில் தெருவில் உயிர்கள் போயின. உணவு உரிமை வழக்கில் இந்த விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போக, தலைநகரோடு நிற்காமல் மற்ற நகரங்களுக்கும் உத்தரவு வந்தது. நகர மக்கள்தொகையில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுக்க, இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பது அளவு. விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சிப் பகுதியில் 2011 கணக்கெடுப்பின்படி 66 லட்சத்துக்கும் மேல் மக்கள். குறைந்தது 66 காப்பகங்கள் வேண்டும். மக்கள்தொகை ஏற ஏற இந்த எண்ணும் ஏறும்.

நம்பிக்கை: உழைக்க மனமில்லாதவர்கள்தான் தெருவில் படுக்கிறார்கள். காப்பகம் இருந்தாலும் வர மாட்டார்கள்.

பாரிமுனைப் பக்கம் விடியற்காலையில் நடந்து பாருங்கள். நடைபாதையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மூட்டை தூக்கவும், பூக் கட்டவும், குப்பை பிரிக்கவும், கடை வாசல் பெருக்கவும் கிளம்புகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். தாத்தா, பாட்டி காலத்திலிருந்து அதே நடைபாதை. நடைபாதைவாசிகள் பிழைப்பு இருக்கும் இடத்தை ஒட்டித்தான் படுக்கிறார்கள், அவர்களை அப்புறப்படுத்துவது பிழைப்பைப் பறிப்பது என்பதைப் பம்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றமே 1985-ல் ஏற்றுக்கொண்டது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அதைச் சொல்வார்கள்.

பிறகு ஏன் காப்பகத்துக்கு வருவதில்லை? ஆண்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்கு வேறொன்று என்றால் கணவனும் மனைவியும் வளர்ந்த மகனும் எப்படிச் சேர்ந்து வருவார்கள்? அதிகாலை நாலு மணிக்கு மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் படுத்தால் வேலை என்ன ஆகும்? காப்பகங்கள் வேலை இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், குடும்பங்களுக்குத் தனியே வேண்டும் என்று அந்த வழிகாட்டு நெறிகளிலேயே எழுதியிருக்கிறது. அப்படிக் கட்டாமல் விட்டுவிட்டு, வரவில்லை என்று அவர்களைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வீடு இருந்தும் தெருவில் படுப்பவர்களும் உண்டு. வெளியூரிலிருந்து அரசு மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்து, வளாகத்து மரத்தடியில் வாரக்கணக்கில் கிடப்பவர்கள். அவர்களுக்காகவும் மருத்துவமனை வளாகங்களில் மாநகராட்சிக் காப்பகங்கள் இயங்குகின்றன.

நம்பிக்கை: மாநகராட்சியே நடத்தலாமே, நடுவில் தொண்டு நிறுவனம் எதற்கு?

கட்டடம் கொடுக்க மாநகராட்சியால் முடியும். நள்ளிரவில் பேருந்து நிலையத்தில் அழுக்குத் துணியோடு, தனக்குத் தானே பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அருகில் போய் அமர்ந்து, நாலைந்து நாள் பேச்சுக் கொடுத்து, பெயரையும் ஊரையும் தெரிந்துகொண்டு, நம்பிக்கை வந்த பிறகு அழைத்து வருவது வேறு வேலை. சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல் ‘தி பேனியன்’ அமைப்பைத் தொடங்கியது, மனநோயோடு தெருவில் விடப்பட்ட பெண்களுக்குப் போக்கிடம் இல்லாததால்தான். அப்படி வந்தவர்களுக்கு ஆதார், முதியோர் உதவித்தொகை, மாத்திரை, முடிந்தால் வீட்டாரின் தொலைபேசி எண் என்று ஒவ்வொன்றுக்காகவும் அலைய ஆள் வேண்டும். அந்த அலைச்சலுக்கும் சேர்த்துத்தான் 33 ரூபாய்.

நம்பிக்கை: விலாசம் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை.

உண்டு. வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான படிவம் 6-ல் எழுதிய இடத்தில் அவர் உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து பார்த்து உறுதிசெய்தால் போதும், விலாசச் சான்று தேவையில்லை என்கிறது தேர்தல் ஆணையம். இது தெருவில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். கவுன்சிலர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரிய வேண்டும்.

நகரங்களில் அந்தந்த இடத்து மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கு 2022-லிருந்து தமிழ்நாட்டில் விதிகள் இருக்கின்றன. அடுத்த முறை உங்கள் பகுதியில் கூடும்போது போய் உட்காருங்கள். சாலை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: நமக்குப் பக்கத்தில் இருக்கும் வீடற்றோர் காப்பகம் எது? அதை நடத்துகிறவர்களுக்குக் கடைசித் தவணை எந்த மாதம் போய்ச் சேர்ந்தது?