பாலூட்டும் தாயும் மருந்தும்

கைக்குழந்தையுள்ள தாய்க்கு நோய் கண்டால், வீட்டார் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கின்றனர். சேய்க்கு ஆகாதென்று அஞ்சித் தாயின் மருந்தை நிறுத்துவர். அல்லது தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பால் புகட்டுவர். முன்னதனால் நோய் முற்றும். பின்னதனால் சேய் நலியும், தாய்க்குப் பாலும் வற்றும். பெரும்பாலான மருந்துகளுக்கு இவ்விரண்டும் அவசியமில்லை.

தாய் உட்கொள்ளும் மருந்து இரத்தத்திற் கலந்து, அதினின்றும் சிறிதளவே பாலில் இறங்குகிறது. காய்ச்சலுக்கும் வலிக்கும் உரிய பாரசிட்டமால், இபுப்ரோபன் ஆகியவற்றை உரிய அளவில் உண்ணும் தாய் தடையின்றிப் பாலூட்டலாம். க்ஷயரோகத்திற்கு மருந்துண்பவளும் வைத்தியர் மேற்பார்வையில் பாலூட்டலாம்.

ஆயினும் எல்லா மருந்தும் ஒன்றல்ல. கோடீன், டிரமடால் என்னும் வலி மருந்துகளால் சேய்க்கு மிகுந்த உறக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் நேரக்கூடும். ஆதலால் பாலூட்டுவோர் இவற்றைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ஆம் ஆண்டில் எச்சரித்தது. புற்றுநோய் மருந்துகள் பலவற்றிற்கும் பாலூட்டலை நிறுத்த நேரும்.

ஆகவே, வைத்தியரிடம் சென்றவுடன், தான் பாலூட்டுவதையும் குழந்தையின் வயதையும் தாய் முதலிற் சொல்லவேண்டும். கடையில் தானே மருந்து கேட்டு வாங்கலாகாது. மருந்துண்டபின் குழந்தை பால் குடியாமல் அயர்ந்து உறங்கினாலும், மூச்சு மந்தப்பட்டாலும், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதனைத் தத்தம் இல்லத்தில் எடுத்துரைப்பாராக.