டயர் கேஜைத் தெரிந்தெடுக்கும் முறை

கொழுவின் கூர்மையையும் நுகத்தடியின் நிதானத்தையும் கவனித்துப் பழகிய விவசாயிகள்கூட, டிராக்டர் டயரிலுள்ள காற்றைப்பற்றி அவ்வளவு சிரத்தை கொள்வதில்லை. காலால் உதைத்துப் பார்த்தும், கண்ணால் மதிப்பிட்டும், காற்றுப் போதுமென்று தீர்மானித்து விடுவது பெருவழக்கமாயிருக்கிறது. டிராக்டரின் பின் டயர் தடித்த பக்கச்சுவர் உடையது. பாரத்துக்காக அதனுள் தண்ணீர் நிரப்பப்பட்டிருப்பதும் உண்டு. ஆகையால் காற்று நான்கைந்து ராத்தல் கூடியிருப்பினும் குறைந்திருப்பினும் அது வெளிப்பார்வைக்குப் புலப்படாது. நல்ல கேஜ் ஒன்றே அதை அறிவிக்கும்.

காற்றமுக்கத்தால் விளையும் நன்மை தீமைகள்

டயருக்குள் காற்றின் அமுக்கம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு அமுக்கத்தையே டயர் நிலத்தின்மேல் சுமத்துகிறது. காற்று மிகுந்தால் டயர் மண்ணைத் தொடும் பரப்புக் குறையும், சக்கரம் வழுக்கிச் சுழலும், டீசல் வீணாகும், அடிமண் இறுகும். இறுகிய மண்ணில் பயிரின் வேர் ஆழமாக இறங்காது. தண்ணீரும் எளிதில் வடியாது. இக்கெடுதல் ஒரு போகத்தோடு நீங்கிவிடுவதன்று. காற்றுக் குறைந்தாலோ, பக்கச்சுவர் மடிந்து மடிந்து வெடிப்புக் காணும். கனத்த இழுவையின்போது டயர் வளையத்தின்மேல் நழுவி, டியூபின் வால்வு அடியோடு பிய்ந்துபோகும். 1932-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் இரும்புச் சக்கரங்களுக்குப் பதிலாகக் காற்று டயர்கள் பூட்டிய டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அவ்வித டயரின் சிறப்பெல்லாம் குறைந்த அமுக்கத்தில் வேலை செய்வதிலேயே அடங்கியிருக்கிறது.

அளவும் வகைகளும்

காற்றமுக்கம் ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை ராத்தல் என்று கணக்கிடப்படும். கடைகளில் பி.எஸ்.ஐ. என்று வழங்குவது இதுவே. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது சுமார் 14.2 ராத்தலுக்குச் சமம். ஒரு பார் என்பது 14.5 ராத்தல். பொதுவாக வயல் வேலையில் டிராக்டரின் பின் டயருக்கு 12 முதல் 16 ராத்தலும், முன் டயருக்கு 24 முதல் 30 ராத்தலும், கார் டயருக்கு 30 முதல் 35 ராத்தலும் தேவைப்படும். சரியான அளவை வண்டியுடன் வந்த கைப்புத்தகத்தில் கண்டுகொள்ள வேண்டும்.

கேஜ்கள் மூவகைப்படும். பென்சில் கேஜில் காற்று ஒரு சுருள்வில்லைத் தள்ள, அளவுக்கோல் வெளியே நீளும். விலை குறைவு, எனினும் தூசி படிந்தால் கோல் தடைப்படும். முள் கேஜ், பிரான்சு தேசத்து யூஜீன் பூர்தோன் 1849-ல் உரிமை பெற்ற முறையில் அமைந்தது. வளைந்த உலோகக் குழாய் காற்றின் அமுக்கத்தால் சற்றே நிமிர்ந்து முள்ளைத் திருப்பும். இது படிப்பதற்கு எளிது; ஆனால் கீழே விழுந்தால் கெடும். மூன்றாவது, எண்களையே காட்டும் எலக்ட்ரானிக் கேஜ். இதற்குப் பாட்டரி வேண்டும், ஈரமும் ஆகாது.

அளவெல்லையே முக்கியம்

வகையைக் காட்டிலும் கேஜின் அளவெல்லையையே முதலில் கவனிக்க வேண்டும். கேஜின் பிழை அதன் முழு அளவில் நூற்றுக்கு இவ்வளவு என்றே சாதாரணமாகக் குறிக்கப்படும். நூற்றுக்கு 3 பிழையுள்ள 150 ராத்தல் கேஜ் நான்கரை ராத்தல் வரை தவறிக் காட்டலாம். நூறு ராத்தல் வேண்டிய லாரி டயருக்கு இது சிறு பிழை. 12 ராத்தல் வேண்டிய டிராக்டர் டயருக்கோ மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட பிழை. ஆகவே, லாரிகளுக்கென்று காற்றடிக்கும் கடையிலுள்ள கேஜை நம்பி டிராக்டரின் பின் டயருக்குக் காற்று வைப்பது தகாது. 30 ராத்தல் கேஜில் நூற்றுக்கு 2 பிழை இருந்தாலும் தவறு அரை ராத்தலுக்குச் சற்றே மேற்படும்.

அளக்கவேண்டிய அமுக்கம் கேஜின் அளவில் நடுப்பாகத்தில் விழுமாறு வாங்குவதே விதி. பின் டயருக்கு 30 ராத்தல் கேஜ் ஒன்றும், முன் டயருக்கும் காருக்கும் பொதுவாக 60 ராத்தல் கேஜ் ஒன்றும் வைத்திருத்தல் சிலாக்கியம். டிரெய்லர் டயருக்கு இவற்றினும் உயர்ந்த அளவு வேண்டும்.

வாங்கும்போது சோதித்தல்

1. காற்றில்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும்.

2. ஒரே டயரில் மும்முறை வைத்துப் பார்க்க வேண்டும். 12, 14, 11 என்று மாறிமாறிக் காட்டுவதைத் தள்ளிவிட வேண்டும். எப்பொழுதும் ஒரே ராத்தல் கூட்டிக் காட்டுவதை அத்தவற்றைக் கழித்துக்கொண்டு உபயோகிக்கலாம். மாறிக் காட்டுவதைத் திருத்த வழியில்லை.

3. அதே டயரில் வேறு இரண்டொரு கேஜ்களையும் வைத்து ஒப்பிட வேண்டும்.

4. வாய் வால்வின்மேல் சீறல் இல்லாமல் படிய வேண்டும்.

5. மிகுந்த காற்றை வெளிவிடும் பொத்தானும், அடிபடாமல் காக்கும் ரப்பர் உறையும் இருப்பது நலம்.

உபயோகமும் பாதுகாப்பும்

வண்டி ஓடுமுன் காலையிலேயே அளக்க வேண்டும். 30 ராத்தல் உள்ள கார் டயரில் உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேட் உயர்ந்தால் அமுக்கம் சுமார் ஒன்றரை ராத்தல் கூடும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியபின் காற்றுக் குறைந்துவிடும். தண்ணீர் நிரப்பிய டயரை, வால்வு உச்சியில் வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்தியே அளக்க வேண்டும்; இல்லையேல் தண்ணீர் கேஜுக்குள் புகுந்து அதைக் கெடுக்கும். இவ்வேலைக்கென்றே நீருக்கும் தாங்கும் கேஜ்கள் விற்கப்படுகின்றன. உபயோகித்தபின் துடைத்து உறையிலிட்டு வைக்க வேண்டும். ஸ்பானர்களோடு பெட்டியில் போட்டு வைத்தல் கூடாது.

டிராக்டரை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கம் உள்ள ஊர்களில், நல்ல கேஜ் ஒன்றை அன்றாட வேலைக்கு எடுக்காமல் தனியே வைத்து, மற்றவர்கள் தங்கள் கேஜ்களை அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளக் கிராம உத்தியோகஸ்தர்கள் ஏற்பாடு செய்யலாம். ஒரு ஜோடி பின் டயரின் கிரயத்தை நோக்கக் கேஜின் விலை அற்பம். இறுகிப்போன நிலத்தைத் திரும்பப் பண்படுத்தும் செலவை நோக்கினால் அது இன்னும் அற்பமேயாம்.