‘புகார் இல்லை’ என்பது பதிலாகுமா?

எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் மனித உரிமைகள் பாடம் வரும்போது ஆண்டுகளையும் அமைப்புகளையும் மாணவர்கள் எளிதில் சொல்லிவிடுகிறார்கள். 1948 டிசம்பர் 10 என்றவுடன் பத்துக் கைகள் உயரும். ஆனால், “ஒரு நாட்டுக்குள் நடக்கும் பாகுபாட்டை ஐ.நா.வுக்கு யார் தெரிவிப்பது?” என்று கேட்டால் வகுப்பு தயங்குகிறது. பாதிக்கப்பட்டவர்கள் என்பார்கள் சிலர், செய்தித்தாள்கள் என்பார்கள் சிலர். அந்த நாட்டு அரசே எழுதித் தர வேண்டும் என்று சொன்னால் வியப்படைகிறார்கள். தன் வீட்டுக் குறையை ஓர் அரசு எப்படித் தானே எழுதும்? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி இரண்டு பாடவேளைகளில் நான் நடத்தும் பாடத்தைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அறிக்கை செல்லும் வழி

எல்லா வகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1965 டிசம்பர் 21 அன்று ஏற்றுக்கொண்டது. இந்தியா 1968இல் இதற்கு ஏற்புறுதி அளித்தது. 1969 ஜனவரியில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இதன் 9ஆம் பிரிவின்படி, உறுப்பு நாடு ஓராண்டுக்குள் முதல் அறிக்கையையும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர் அறிக்கைகளையும் அளிக்க வேண்டும்.

அறிக்கையை ஆராய்வது 18 வல்லுநர்கள் கொண்ட குழு. இவர்கள் தங்கள் நாட்டு அரசின் பிரதிநிதிகளாக அல்லாமல் தனிப்பட்ட தகுதியில் பணியாற்றுகிறார்கள். தொண்டு அமைப்புகளும் தங்களிடம் உள்ள தகவல்களை இக்குழுவுக்கு அனுப்பலாம். இவற்றுக்கு ‘நிழல் அறிக்கை’ என்று பெயர். பின்னர் அரசின் தூதுக்குழு ஜெனீவா சென்று, வல்லுநர்களின் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்கிறது. இறுதியில் குழு தன் முடிவுரையையும் பரிந்துரைகளையும் வெளியிடுகிறது. தண்டனை விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. எல்லோரும் படிக்கும்படி வெளிப்படையாகக் கேள்வி கேட்பதே அதன் வலிமை.

நம் நாட்டின் எடுத்துக்காட்டு

இந்தியா தனது 15 முதல் 19 வரையிலான ஐந்து தொடர் அறிக்கைகளை ஒன்றாகத் தொகுத்து அளித்தது. 2007 பிப்ரவரியில் குழு அதைப் பரிசீலித்தது. தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், இட ஒதுக்கீடும் நம் நாட்டில் உள்ளன. சட்டம் உள்ளதா என்பதைப் பொறுத்தவரை நம்மிடம் வலுவான பதில் உண்டு.

விவாதம் எழுந்தது வேறோர் இடத்தில். சாதி என்பது இனம் அல்ல, எனவே சாதிப் பாகுபாடு இந்த உடன்படிக்கைக்குள் வராது என்பது இந்திய அரசின் நிலைப்பாடு. உடன்படிக்கையின் முதல் பிரிவில் இனம், நிறம் ஆகியவற்றோடு ‘மரபுவழி’ என்ற சொல்லும் இருக்கிறது, பிறப்பால் வரும் சாதி நிலை அதில் அடங்கும் என்பது குழுவின் நிலைப்பாடு. 1996இலும் 2002இலும் சொன்ன இக்கருத்தைக் குழு 2007இலும் மாற்றிக்கொள்ளவில்லை. உடன்படிக்கை வரைவில் ‘மரபுவழி’ என்ற அந்தச் சொல்லைச் சேர்க்கும்படி முன்மொழிந்த நாடு இந்தியாதான். ஒரு சொல்லின் பொருள் எவ்வளவு முக்கியம் என்பதை மாணவர்களுக்கு உணர்த்த இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த முடிவுரையில் ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய பகுதியும் உண்டு. வகுப்பறையில் தலித் மாணவர்களைப் பிரித்து உட்காரவைப்பதையும் துன்புறுத்துவதையும் தடுக்க வேண்டும், மதிய உணவு பாகுபாடின்றிக் கிடைக்க வேண்டும் எனக் குழு பரிந்துரைத்தது. ஜெனீவாவில் நடந்த உரையாடல் நம் பள்ளிச் சாப்பாட்டுக்கூடம் வரை வந்திருக்கிறது.

பாடத்தின் மையக்கருத்து

‘எங்களிடம் புகாரே வரவில்லை’ என்று அறிக்கையில் எழுதும் அரசுகள் உண்டு. இதற்குக் குழு 2005இல் வெளியிட்ட 31ஆம் பொதுப் பரிந்துரையில் பதில் இருக்கிறது. புகார்கள் குறைவாக இருப்பதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் உரிமை தெரியாமல் இருக்கலாம். பழிவாங்கலுக்கோ ஊராரின் ஏச்சுக்கோ அஞ்சலாம். வழக்குச் செலவை நினைத்துத் தயங்கலாம். காவல்துறையிலும் நீதிமன்றத்திலும் நம்பிக்கை இல்லாதிருக்கலாம். அதிகாரிகளே இக்குற்றங்களில் போதிய அக்கறை காட்டாமலும் இருக்கலாம்.

நாமும் அலுவலகங்களுக்கு எத்தனையோ ‘இன்மை அறிக்கை’ அனுப்புகிறோம். அவற்றில் ‘இல்லை’ என்று எழுதுமுன், அது நடக்கவில்லையா, நம் காதுக்கு வரவில்லையா என்று கேட்டுப் பார்க்க இந்தப் பாடம் நமக்கும் பயன்படும்.

வகுப்பறைச் செயல்பாடு

வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரிக்கிறேன். முதல் குழு ‘அரசு’: பள்ளியில் எல்லோரும் சமமாக நடத்தப்படுகிறார்கள் என்பதற்கான விதிகளையும் ஏற்பாடுகளையும் தொகுத்து ஒரு பக்க அறிக்கை எழுதும். இரண்டாம் குழு நிழல் அறிக்கை எழுதும்: கூட்டுவது யார், தண்ணீர்க்குடம் தூக்குவது யார், விளையாட்டுத் திடல் யாருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, சாய்தளம் கழிப்பறை வரை செல்கிறதா என ஒரு வாரம் கவனித்து எண்ணிக்கையோடு குறிக்கும். மூன்றாம் குழு வல்லுநர்கள்: இரண்டையும் படித்துக் கேள்வி கேட்டு, மூன்று பரிந்துரைகள் தரும்.

சென்ற ஆண்டு என் வகுப்பின் ‘அரசு’, “மாணவர் மனசு பெட்டியில் ஒரு புகாரும் இல்லை, எனவே பாகுபாடும் இல்லை” என்று எழுதியிருந்தது. வல்லுநர் குழுவிலிருந்த மாணவி ஒருத்தி, “பெட்டி எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். ஆசிரியர் அறை வாசலில். “எல்லாரும் பார்க்கிற இடத்துல யாரு சார் போடுவாங்க?” என்றாள். பெட்டியை நூலக மூலைக்கு மாற்ற வேண்டும் என்பதே அவர்களின் முதல் பரிந்துரை. தலைமையாசிரியர் அதை ஏற்றுக்கொண்டார். அடுத்த மாதம் பெட்டியில் நான்கு கடிதங்கள் இருந்தன. நான்கு புகார்கள் வந்ததால் பள்ளி கெட்டுவிட்டதா என்று வகுப்பில் கேட்டேன். “இல்ல சார், இப்பதான் தெரியுது” என்றான் ஒருவன். 31ஆம் பொதுப் பரிந்துரையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

இச்செயல்பாட்டில் எந்த மாணவரின் சாதியையும் வகுப்பில் கேட்கக் கூடாது. நிழல் அறிக்கையில் செயல்களும் எண்ணிக்கையும் இடம்பெறலாம், பெயர்கள் கூடாது. உண்மையான பாதிப்பு வெளிப்பட்டால் அதை வகுப்பு விவாதமாக்காமல் உரிய முறையில் தலைமையாசிரியரிடமும், தேவைப்பட்டால் 1098 உதவி எண்ணிலும் தெரிவிக்க வேண்டும். பரிந்துரைகளில் ஒன்றையாவது பள்ளி நிறைவேற்ற வேண்டும். கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று கண்ட பிள்ளைகள்தான் அடுத்த முறையும் கேள்வி கேட்பார்கள்.