முதல்வர் மருந்தகம்: மலிவு விலை மருந்து சீட்டிலிருந்தே தொடங்குகிறது

2024 ஆகஸ்ட் 15 அன்று ஆற்றிய சுதந்திர தின உரையில், தமிழகம் முழுவதும் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 மருந்தகங்கள் திறக்கப்பட்டன. ஜெனரிக் மருந்துகள் வெளிச்சந்தை விலையைவிட 75 சதவீதம் வரை குறைவாகக் கிடைக்கும் என்றது அரசு.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது பெரிய செய்தி. மாதக் கடைசியில் பணம் போதாமல் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கும் பெரியவர்கள் எல்லா மஹல்லாவிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சப்பட்டு மருந்தையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. இப்படி விட்ட மாத்திரை பின்னாளில் பக்கவாதமாகவோ சிறுநீரகப் பழுதாகவோ வந்து நிற்கலாம்.

ஆனால் கடை திறந்துவிட்டதால் மட்டும் பலன் நம் வீட்டுக்கு வந்துவிடாது. கடையும் தயாராக வேண்டும், நாமும் தயாராக வேண்டும்.

1. ஜெனரிக் என்றால் என்ன?

ஒவ்வொரு மாத்திரைக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று மருந்தின் பெயர். மற்றது கம்பெனி வைத்த பெயர். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் என்பது மருந்தின் பெயர். அம்லாங் என்பது அதே மருந்துக்கு ஒரு கம்பெனி வைத்த பெயர். கம்பெனிப் பெயரை முன்னிறுத்தாமல் மருந்தின் பெயரிலேயே விற்பதைத்தான் ஜெனரிக் என்கிறோம். விளம்பரச் செலவும் இடைத்தரகும் குறைவதால் விலையும் குறைகிறது.

"விலை குறைந்தால் தரமும் குறையுமே" என்று பலர் தயங்குகிறார்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1990-களின் நடுவிலிருந்து இயங்கும் இந்தக் கழகம், வாங்கும் மருந்தை ஆய்வகத்தில் சோதித்த பிறகே மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. முதல்வர் மருந்தகங்களுக்கு ஜெனரிக் மருந்துகளைக் கொள்முதல் செய்து தருவதும் இதே கழகம்தான்.

2. சிக்கல் எங்கே இருக்கிறது?

மருத்துவர் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதித் தருகிறார். அந்தச் சீட்டோடு மலிவு விலை மருந்தகத்துக்குப் போகிறோம். "இந்தப் பெயரில் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அலுத்துப்போய்ப் பழைய கடைக்கே திரும்புகிறோம்.

இதில் மருந்தாளுநர் மீது குறை இல்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி, எச் அட்டவணை மருந்துகளுக்குச் சீட்டில் எழுதியிருப்பதற்குப் பதிலாக வேறு தயாரிப்பைத் தரக் கூடாது. உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும் இந்தத் தடை உண்டு. ரத்த அழுத்த மருந்துகள், ஆன்டிபயாடிக்குகள் எனப் பல மருந்துகள் இந்த அட்டவணையில் வருகின்றன.

ஆகவே மாற்றம் தொடங்க வேண்டிய இடம் கடை அல்ல, மருத்துவரின் அறை. மருந்தின் ஜெனரிக் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி 2016-லேயே திருத்தப்பட்டிருக்கிறது. "டாக்டர், மருந்தின் ஜெனரிக் பெயரையும் எழுதித் தாருங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

3. நாமாக மாற்றக் கூடாதவை

- ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் மாத்திரையின் வகை வேறாக இருக்கலாம். மெட்ஃபார்மின் 500 வேறு, மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 வேறு.
- ஒரு மாத்திரையில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கலாம். அதில் ஒன்றை மட்டும் வாங்கினால் பாதி சிகிச்சை நின்றுவிடும்.
- வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளை மருத்துவரைக் கேட்காமல் ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது.
- புதிய அட்டை வந்ததும் பழைய அட்டையைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டு பெயர்களைப் பார்த்து இரண்டு மருந்துகள் என நினைத்து, ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்கும் ஆபத்து முதியவர்களுக்கு உண்டு.

4. கடை எப்படித் தயாராக வேண்டும்?

இந்த மருந்தகங்களைக் கூட்டுறவுச் சங்கங்களும் தனிப்பட்ட தொழில்முனைவோரும் நடத்துகிறார்கள். பி.ஃபார்ம் அல்லது டி.ஃபார்ம் படித்தவர்களிடமிருந்தும், அப்படிப் படித்தவரின் சான்றிதழோடு வருபவர்களிடமிருந்தும் 2024 நவம்பரில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. தொழில்முனைவோருக்கு அரசு மானியம் 3 லட்சம் ரூபாய். அதில் பாதி மருந்தாகவே தரப்படுகிறது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு 2 லட்சம் ரூபாய். கடைக்குக் குறைந்தது 110 சதுர அடி இடம் வேண்டும்.

மானியமும் இடமும் இருந்தால் போதாது. நல்ல மருந்தகத்துக்கு இவையும் தேவை:

- பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும். சுவரில் சான்றிதழ் மட்டும் தொங்கினால் போதாது.
- இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். சென்னை வெயிலில் மின்தடை வந்தால் என்ன ஏற்பாடு என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.
- எச்1 அட்டவணை மருந்துகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.
- மாதாமாதம் தேவைப்படும் மருந்துகள் தீர்ந்துபோகாமல் இருப்பு வைத்திருக்க வேண்டும்.

கடைசி விஷயத்தில் நாமும் உதவலாம். கடையில் தொடர்ந்து கேட்கப்படும் மருந்தைத்தான் கடைக்காரர் தைரியமாக வரவழைப்பார். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே சீட்டைக் காட்டி, "மாதம் இத்தனை வேண்டும்" என்று சொல்லிவையுங்கள். மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ பத்துக் குடும்பங்கள் ஒரே கடையில் இப்படிச் சொல்லிவைத்தால் அந்த மருந்து அங்கே தட்டாது.

5. இலவசத்தை மறந்துவிடாதீர்கள்

மலிவு விலைக்கு முன் இலவசம் இருக்கிறது. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், ராயப்பேட்டை போன்ற அரசு மருத்துவமனைகளிலும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து விலையின்றிக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நடக்க முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். அங்கே கிடைக்காத மருந்துக்கு முதல்வர் மருந்தகத்தையும், 2008 முதல் மத்திய அரசு நடத்திவரும் மக்கள் மருந்தகத்தையும் பாருங்கள்.

6. ரமலானும் மருந்தும்

மருந்தகங்கள் திறந்த ஆறே நாளில், 2025 மார்ச் 2 அன்று, நம் நோன்பு தொடங்கியது. சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்து வேளையை மாற்றுவது மருத்துவரின் வேலை. மருந்தாளுநரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லி மாற்றக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. அன்றே ஜெனரிக் பெயரையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

7. ஜமாஅத் என்ன செய்யலாம்?

பைத்துல்மாலிலிருந்தும் ஜகாத்திலிருந்தும் மருந்துச் செலவுக்கு உதவுகிறோம். ஒரு நோயாளிக்கு மாதம் 1,200 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதே மருந்து ஜெனரிக்கில் 500 ரூபாய்க்குக் கிடைத்தால், மீதி 700 ரூபாயில் இன்னொருவருக்கு மாதம் முழுக்க மருந்து கிடைக்கும். உதவி கேட்டு வருபவரிடம் பணத்தோடு வழியையும் சொல்லி அனுப்புவது அமானிதத்தைப் பேணுவதாகும்.

படித்த இளைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மருந்தியல் படித்த பிள்ளைகள் ஜும்ஆ முடிந்ததும் அரை மணி நேரம் பள்ளிவாசல் வாசலில் அமர்ந்து, சீட்டுகளில் உள்ள ஜெனரிக் பெயர்களைப் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லலாம். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கு டி.ஃபார்ம் இரண்டு ஆண்டுப் படிப்பு, பி.ஃபார்ம் நான்கு ஆண்டுப் படிப்பு. நம் பெண் பிள்ளைகளுக்கும் ஏற்ற தொழில் இது.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை

1. வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து, மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள்.
2. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் காட்டி ஜெனரிக் பெயரில் சீட்டு வாங்குங்கள்.
3. பக்கத்து முதல்வர் மருந்தகத்தில் எந்தெந்த மருந்து இருக்கிறது, என்ன விலை என்று விசாரியுங்கள். வாங்கும்போது பில் கேளுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள்.
4. வாப்பாவிடமும் உம்மாவிடமும் "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா, பணம் போதுகிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

நாலாவதை இன்றே செய்துவிடுங்கள். மற்ற மூன்றும் இன்ஷா அல்லாஹ் இந்த வாரத்துக்குள் முடியும்.