நன்றியும் கடன்சுமையும்

உதவி பெற்றவர் உள்ளத்தில் இருவகை உணர்வுகள் எழுகின்றன. நன்றி, உதவியவரை நாடச் செய்கிறது. கடன்சுமை, அவர்முன் கூச வைக்கிறது. உதவியவர் கைம்மாறு எதிர்பார்க்க எதிர்பார்க்க, நன்றி குறைந்து கடனுணர்வு மிகுகிறது என்பதை வாட்கின்ஸ் முதலிய அமெரிக்க உளவியலார் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

நாலடியார் பிறந்த கதையை நாம் அறிவோம். பஞ்சத்தால் பாண்டிநாடு வந்த எண்ணாயிரம் சமண முனிவரை அரசன் ஆதரித்தான். பஞ்சம் நீங்கியபின் விடைதர மறுத்தான். அன்பே தளையாயிற்று. முனிவர்கள் ஆளுக்கொரு வெண்பா எழுதி வைத்து இரவில் அகன்றனர். அவற்றுள் எஞ்சிய 400 பாடல்களே நாலடியார் என்பர். ஆகார தானம் பெற்றவர்கள் சாத்திர தானம் செய்தனர்.

பெற்றதையே திருப்பித் தருவதன்று நன்றி. தம்மிடம் உள்ளதைத் தருவது. ஆகவே, பிறர் பிள்ளையின் கல்விக்கு உதவினால் அதனைச் சொல்லிக் காட்டாதிருப்போம். உதவி பெற்றால் கூசி ஒதுங்காதிருப்போம்.