புது வீட்டின் முதல் சித்திரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தையில் பால் காய்ச்சிக் குடியேறியவர்களுக்குப் பங்குனி வரை வீட்டில் ஒரு குறையும் தெரியாது. வெயில் ஏறியதும் ஆளாளுக்கு யோசனை சொல்ல வருவார்கள். சங்கரன்கோவில் பக்கம் புது வீடு கட்டியவர்கள் காதில் விழும் யோசனைகளில் பாதி, ஓட்டு வீட்டுக்கும் கூரை வீட்டுக்கும் சரியாக இருந்தவை. காங்கிரீட் வீட்டுக்கு அவை பொருந்துவதில்லை. கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் ராத்திரி தூங்க முடியாமல் பிள்ளைகளோடு தவிப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"அக்னி நட்சத்திரம் பிறக்கட்டும், மாடிக்கு அப்புறம் ஏதாவது செய்துகொள்ளலாம்" என்பார்கள். அக்னி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு. பரணியின் மூன்றாம் பாதம் முதல் ரோகிணியின் முதல் பாதம் வரை சூரியன் கடக்கும் நாட்கள் அவை. ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. வெயிலின் கணக்கு வேறு. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையைச் சற்றே தாண்டி இருக்கிறது. அதனால் நண்பகல் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு நேராக நிற்பது ஏப்ரல் 13, 14 வாக்கில், சித்திரைப் பிறப்பை ஒட்டி. அதற்கு முன்பே, பங்குனியிலேயே, மொட்டை மாடி முழு வெயிலையும் வாங்கத் தொடங்கிவிடும். மாடி வேலையை மாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

என்ன வேலை? "தட்டோடு மழைக்குத்தானே, இப்போதுதான் கெமிக்கல் பூச்சு வந்துவிட்டதே" என்று சொல்லித் தட்டோட்டுச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த ஒரு முடிவுதான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு மேலே தட்டோடு பதிக்கும் முறை மழையோடு வெயிலையும் தடுக்கிறது. செங்கல் ஜல்லிக்குள் காற்றுத் துளைகள் உண்டு. காங்கிரீட்டை விட மெதுவாகவே அது சூட்டைக் கடத்தும். வெறும் காங்கிரீட் தளமோ பகல் முழுக்க வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகு கீழே இறக்குகிறது. ராத்திரி பத்து மணிக்கும் மின்விசிறி அனலைத் தள்ளுவது இதனால்தான். நீர்க்கசிவைத் தடுக்கும் அந்தக் கெமிக்கல் பூச்சு தண்ணீரை மட்டும் நிறுத்தும். அதன் நிறம் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருந்தால் வெப்பத்தைக் கூடுதலாகவே இழுக்கும். தட்டோட்டுக்கு வசதி இல்லையென்றால் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெயிலில் பெரும்பகுதி மேலேயே திரும்பிவிடும். தூசி படிந்தால் பலன் குறையும், மழைக்குப் பின் மறுபடி அடிக்க வேண்டும். சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றினாலும் சூடு குறையும். ஆனால் குடங்களை வரிசையில் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற கோடையில் அந்த யோசனையை நான் சொல்ல மாட்டேன்.

"கன்னி மூலையில் படுக்கையறை இருந்தால் வீடு நிலைக்கும்." வாஸ்து நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் கன்னி மூலை என்பது தென்மேற்கு; பிற்பகல் வெயில் சாய்வாக வந்து விழுவது மேற்குச் சுவரில். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைக் கடந்து அந்தச் சூடு உள்ளே வரச் சில மணி நேரம் ஆகும்; அதற்குள் நாம் படுக்கப் போயிருப்போம். கோடை முடியும்வரை வேறு அறையில் படுப்பது ஒரு வழி. மேற்குச் சன்னலுக்கு வெளியே தட்டி கட்டுவது இன்னொரு வழி. உள்ளே தொங்கும் திரை போதாது, வெயில் கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்த பிறகுதான் அதன் மேல் படுகிறது.

"வடக்குப் பக்கம் வெயில் படாது" என்பது டெல்லிக்கு ஓரளவு சரி. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கில்தான். இங்கே ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அது நமக்கு வடக்கே நிற்கிறது. மத்தியானம் வாசலில் நின்று பாருங்கள், உங்கள் நிழல் தெற்கே விழும். வடக்குச் சன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும்.

பகலெல்லாம் சன்னலைத் திறந்து வைத்தால் வெளி அனல்தான் வீட்டுக்குள் வரும். காலை பத்து மணிக்குச் சாத்திவிட்டு, வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எதிரெதிர்ச் சன்னல்களைத் திறப்பதே முறை. ஏசியை 16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பதும் தவறு. சாதாரண ஏசியின் கம்ப்ரசர் 24-இல் வைத்தாலும் 16-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16-இல் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

சுவரில் முடி அளவு விரிசல் கண்டதும் கொத்தனாரைத் திட்ட வேண்டியதில்லை. சிமெண்ட் பூச்சு காய்ந்து சுருங்கும்போது முதல் கோடையில் அது சகஜம். கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சரிவாக ஓடி, மாதத்துக்கு மாதம் அகலமாகும் விரிசல் வேறு. கரிசல் மண்ணில் கட்டிய வீடென்றால் உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள். கரிசல் வெயிலில் சுருங்கி வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். ஆழமில்லாத அஸ்திவாரம் அதோடு சேர்ந்து அசையும். நிழலுக்காக வேம்பைச் சுவரோடு ஒட்டி நடுவதும் கூடாது. வேர் ஈரத்தை உறிஞ்சினால் மண் இன்னும் சுருங்கும்.

கடைசியாக, பாம்பு. சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணை வீட்டில் வைப்பதும், பாம்பு, தேள் உருவங்களைக் காணிக்கை செலுத்துவதும் இந்த ஊரின் பக்தி. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் சிறியாநங்கைச் செடி வைத்திருக்கிறோம், பூண்டுத் தண்ணீர் தெளித்திருக்கிறோம் என்று கழிவுநீர்க் குழாயின் வாயைத் திறந்தே விடுவது ஆபத்து. பாம்பு வருவது எலிக்கும் குளிர்ச்சிக்கும். குழாய் வாயில் வலை அடித்து, வாசலோரம் குவித்த செங்கல்லையும் பலகையையும் அகற்றுங்கள். குளுமைக்காக வெறுந்தரையில் படுப்பவர்களைத்தான் கட்டுவிரியன் ராத்திரியில் அதிகம் கடிக்கிறது. வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. விடியற்காலை வயிற்றுவலி, இமை தொங்குவது என்றுதான் தெரியவரும். கட்டில் இருந்தால் கட்டிலில் படுங்கள். இல்லையென்றால் கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.