பிளான் கீறத்தான் படிப்பா?

ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விருந்து. மகன் ஆர்க்கிடெக்சரல் டெக்னோலொஜி படிக்கக் கல்லூரிக்குப் போகிறான் என்று தாய் சொல்லி வாய் மூடவில்லை, எதிர்க் கதிரையிலிருந்து கேள்வி வருகிறது: “ஏன், யூனிவர்சிற்றி கிடைக்கேல்லையோ?”

பல்கலைக்கழகம் மேல்படி, கல்லூரி கீழ்படி என்பது ஊரிலிருந்து பெட்டியோடு வந்த கணக்கு. ஒன்ராறியோவில் இவை ஒரே ஏணியின் படிகள் அல்ல; தனித்தனி வேலைக்கான தனித்தனிப் படிப்புகள். இங்கே 2 ஆண்டு டிப்ளோமா முடிப்பவர் டெக்னீஷியன் வேலைக்குத் தயாராகிறார். 3 ஆண்டு உயர்நிலை டிப்ளோமா முடிப்பவர் டெக்னோலொஜிஸ்ட் வேலைக்கு. ரொறன்ரோவின் ஜோர்ஜ் பிரவுண், ஹம்பர், ஒட்டாவாவின் அல்கொன்குவின் ஆகிய கல்வி நிலையங்களில் இந்த 3 ஆண்டுப் படிப்பு உண்டு. பட்டம் வாங்கியபின் இந்த வகுப்புகளுக்கு வந்து உட்காருவோரும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அடுத்த நம்பிக்கை இன்னும் பிடிவாதமானது: வேறொருவர் யோசித்ததைக் கணினியில் கீறிக் கொடுப்பதுதான் இந்த வேலை, கை ஓவியம் நன்றாக வந்தால் போதும்.

ஓட்டோகேட், ரெவிட் என்ற வரைபட மென்பொருள்களைப் பழக வேண்டும் என்பது உண்மை. ஆனால், படிப்பின் பெரும்பாரம் சுவருக்குள் இருக்கிறது. வன்கூவரில் 1980களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய பல கொண்டோக்களைப் பார்த்தால் அது புரியும். மரச்சட்டத்தின் மேல் ஸ்டக்கோ பூச்சு. பார்வைக்கு வெயில் நாட்டு மாளிகை. இறவாரம் பலவற்றில் இல்லவே இல்லை. மழைநீர் சிறு இடுக்குகளால் உள்ளே போனது, வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கி மரத்தை உக்கவைத்தது. திருத்தச் செலவு உரிமையாளர்களின் தலையில் விழுந்தது. 1998இல் முன்னாள் மாகாண முதல்வர் டேவ் பரெட் தலைமையில் விசாரணை ஆணைக்குழுவே அமைக்க வேண்டியதாயிற்று. இறவாரம் எதற்கு என்று ஊரில் ஓலைவீடு மேய்ந்தவரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். நீர் எங்கே நுழையும், எங்கே வடியும், குளிர்காலத்தில் உள்வீட்டு ஈரம் சுவருக்குள் எந்த இடத்தில் நீராகும் என்பதெல்லாம் இந்தப் படிப்பில் தனிப் பாடங்கள்.

ஒரு கோடு மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றி சாட்சி. அங்குள்ள ஹயத் ரீஜென்சி ஹோட்டலில் நடைபாலங்கள் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கின. முதல் வரைபடத்தில் 4ஆம் மாடிப் பாலத்தையும் அதன்கீழே 2ஆம் மாடிப் பாலத்தையும் ஒரே நீளக் கம்பிகள் தாங்கின. செய்வது சிரமம் என்று அவற்றை இரண்டு துண்டுக் கம்பிகளாக மாற்றினார்கள். கிணற்றுக் கயிற்றை இருவர் தனித்தனியே பிடித்துத் தொங்குவதற்குப் பதில், கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் காலைப் பிடித்துத் தொங்கிய கதை. மேற்பாலத்தின் இணைப்புக்கு இரட்டைச் சுமை. 1981 ஜூலை 17 மாலை, நடன விழா நடக்கையில் பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடமும் சட்டம் கேட்ட பலத்தில் 60 சதவீதத்தையே தாங்கியிருக்கும் என்று விசாரணை கண்டது. பொறுப்பான பொறியியலாளர்கள் மிசூரியில் உரிமம் இழந்தார்கள். மாற்றம் தாளில்தான் இருந்தது. பார்த்தவர்கள் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்க நம்பிக்கையும் ஒன்று உண்டு. மூன்று வருடம் படித்தால் பிள்ளை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று அழைப்பிதழில் போட்டுவிடலாமாம். போடக்கூடாது. ஒன்ராறியோவில் அந்தப் பெயர் சட்டப்படி உரிமம் பெற்றவருக்கு மட்டும். வழக்கமான வழி, அங்கீகாரம் பெற்ற பட்டம், 3,720 மணிநேரப் பயிற்சி, பிறகு தேர்வு.

அதற்காக, ஆர்க்கிடெக்ட் கையொப்பம் இல்லாமல் எந்த வீட்டுக்கும் பெர்மிற் கிடைக்காது என்று நினைப்பதும் தவறு. மூன்று மாடிக்கும் 600 சதுர மீற்றருக்கும் மேற்படாத வீடுகளுக்கு அந்தக் கையொப்பம் கட்டாயமில்லை. பிறருக்காக வரைபவரிடம் பி.சி.ஐ.என். என்னும் மாகாணப் பதிவு எண் இருந்தால் போதும். டிப்ளோமாவோடு அந்த எண் தானாக வராது. கட்டட விதித் தேர்வுகளைத் தனியே எழுத வேண்டும்.

நம்மவர்கள் வாடகைக்கு விடத் திருத்தும் பேஸ்மென்ற்களின் வரைபடங்களில் அந்த எண்ணைக் காணலாம். அதே தளத்தில் நேரே வெளியே போகும் கதவு இல்லையென்றால், படுக்கையறை உள்ள தளத்துக்குத் தப்பிக்கும் ஜன்னல் ஒன்றாவது வேண்டும். அதன் திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது. அகலமோ உயரமோ 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. தீப்பிடித்த இரவில் வாடகைக்கு இருக்கும் மாணவன் உடம்பை நுழைத்து வெளியேற வேண்டிய இடைவெளி அது.